வந்து இறங்கிய முதல் இரண்டு வாரம்

“இப்ப வர்ற பசங்களுக்கு என்னங்க கஷ்டம்? குவாரன்டைன் கிடையாது, டெஸ்ட் கிடையாது. ஏர்போர்ட்ல இறங்கினா நேரா ரூம், மறுநாள் கிளாஸ்.” போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. 2020இல் என்னோடு சேர்ந்து விடுதி விடுதியாக அரிசியும் பருப்பும் தூக்கிச் சென்றவர் அவர். ஆனாலும் அந்தப் பேச்சு நெருடிக்கொண்டே இருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களை எங்கள் ஊர் உருப்படியாக வரவேற்றது அந்தக் கொரோனா ஆண்டில்தான். விதியை எடுத்தபோது, அந்த விதிக்காக உருவான அக்கறையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரம். இரண்டு பல்கலைக்கழகங்கள் உள்ள ஊர். பெல்கிரேவ் சாலைப் பக்கம் போனால் குஜராத்திக் கடைகளில் நம் சமையலுக்கு வேண்டியது அநேகமாக எல்லாம் கிடைக்கும் என்பதால், பிள்ளையை இங்கே அனுப்ப நம் வீடுகளில் அவ்வளவாகத் தயங்குவதில்லை. 2020 ஜூன் 29 அன்று, நாடு முழுக்கத் தளர்வுகள் வரவிருந்த நேரத்தில், இங்கிலாந்தின் முதல் உள்ளூர் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது எங்கள் ஊருக்குத்தான். செப்டம்பரில் கடைகள் திறந்திருந்தன. ஆனால் ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் போகக் கூடாது. அது போதாதென்று, ஜூன் 8 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டும், மீறினால் 1,000 பவுண்டு அபராதம் என்ற நாடளாவிய விதி. விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. யாரும் யாரையும் பார்க்க முடியாத அப்படியொரு ஊருக்குத்தான் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

பல்கலைக்கழகம் ஒன்று தன்னார்வலர்களைக் கேட்டது. வேலை எளிது. தனிமையில் இருக்கும் மாணவர்கள் சிலரின் பெயரைத் தருவார்கள். தினமும் ஒருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும். ஏதாவது தேவைப்பட்டால் விடுதி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். தமிழும் இந்தியும் பேசத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றார்கள். எனக்கு அலுவலக வேலையெல்லாம் வீட்டிலிருந்தே என்றாகிவிட்ட காலம் அது. பெயர் கொடுத்தேன்.

வந்தவர்களின் முதல் நாள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தது. பொதுப் போக்குவரத்தைத் தவிர்க்கச் சொல்லியிருந்ததால் ஹீத்ரோவிலிருந்து பல்கலைக்கழகமே பேருந்து வைத்திருந்தது. இரண்டரை மணி நேரப் பயணம். வாசலில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அறையில் கட்டில், மேசை, உள்ளங்கை அகலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல். மேசையில் ஓர் அட்டைப்பெட்டி: ரொட்டி, பால், சீரியல், பாஸ்தா, தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் டப்பா. படுக்கை விரிப்பும் போர்வையும் முன்கூட்டியே கேட்டு வைத்தவர்களுக்கு உண்டு. அப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாதவர்கள் முதல் இரவு ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்கள். அப்புறம் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடும். இங்கே இரவு இரண்டு மணி என்றால் ஊரில் காலை ஆறரை. அம்மா காபி போடும் நேரம். உடம்பு இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். பசிக்கும்.

வேண்டியதை இணையத்தில் வாங்கிக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்து வந்தவர்கள் தப்பித்தார்கள். ஊர் வங்கி டெபிட் கார்டை நம்பி வந்தவர்களுக்குச் சோதனைதான். சரியாக அந்த அக்டோபர் 1 முதல்தான் ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடப்புக்கு வந்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமாகக் கேட்டுத் திறந்து வைத்தால்தான் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யும். திறந்து வைத்திருந்தாலும் ஓடிபி போவது அப்பாவின் எண்ணுக்கு. பிள்ளை இங்கே மாலை எட்டு மணிக்குக் கடையின் இணையப் பக்கத்தில் ‘பணம் செலுத்து’ என்பதை அழுத்துவான். அங்கே இரவு பன்னிரண்டரைக்கு அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இந்த நாட்டு வங்கிக் கணக்குத் திறந்தால் எல்லாம் சரியாகும். ஆனால் அப்போது அதற்கு உள்துறை அமைச்சகம் தந்துவந்த பிஆர்பி என்ற தங்கும் அனுமதி அட்டையும் பல்கலைக்கழகக் கடிதமும் வேண்டும், அட்டையை வாங்க நேரில் போக வேண்டும், நேரில் போக 14 நாள் முடிய வேண்டும். எந்த விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரே பிள்ளையின் தலையில் விழுந்தன.

இதில் எங்களுக்குக் கைகொடுத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளில் இங்கே வந்தவர். தன்னார்வலர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். “ஆர் பெத்த பிள்ளையளோ, பாவம்” என்று ஒரே வார்த்தை. மறுநாளே அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகாய்த்தூள் எல்லாம் பொட்டலம் போட்டுப் பைகளில் கட்டி வைத்துவிட்டார். நாங்கள் விடுதி வாசல் வரை கொண்டுபோய் வைப்போம். கதவைத் தட்டிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்போம். கதவு திறக்கும், முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் தெரியும், ஒரு கும்பிடு, கதவு மூடும்.

சிவப்பு சுவிட்ச்

என் பட்டியலில் விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஐந்து அறைகளுக்கு ஒரு சமையலறை என்ற கணக்கில் கட்டிய விடுதி. இங்கிலாந்து மாணவர்கள் இன்னும் வந்து சேராததால் அந்த ஐந்து அறைகளில் அவன் மட்டும்தான். தினமும் மாலை கூப்பிடுவேன். பல்கலைக்கழகம் தந்த படிவத்தில் வரிசையாகக் கேள்விகள்: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா, உணவு கைவசம் இருக்கிறதா, வேறு உதவி வேண்டுமா. எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பதில்: “ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணா.” குரலும் தெளிவாகவே இருக்கும். பாடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுவான், ஊரில் மழை என்பான், வைத்துவிடுவான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் அக்காவையும் அதே வாட்ஸ்அப் அழைப்பில் சேர்த்தேன். அடுத்த பையில் என்ன வைக்கலாம் என்று அவரே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான். அக்கா நலம் விசாரிக்கவில்லை, காய்ச்சலைப் பற்றியும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “தம்பி, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?” என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “பிரெட் சாப்பிட்டேன்க்கா.”

“நேற்று?”

“பிரெட்தான்க்கா. ராத்திரி கெட்டில்ல சுடுதண்ணி வச்சு நூடுல்ஸ்.”

“அரிசி தந்துவிட்டனான் எல்லோ?”

“இருக்குக்கா. அடுப்பு ரிப்பேர்.”

“ஆருக்கும் சொன்னனீங்களோ?”

இல்லை என்றான். வந்த மறுநாளே அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்திருக்கிறான். திருகினால் எதுவும் நடக்கவில்லை. தான்தான் ஏதோ தப்பாகத் திருகிக் கெடுத்துவிட்டோம், சொன்னால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டான். முன்பணம் அப்பா கடன் வாங்கிக் கட்டியது. விசாரிக்கலாம் என்றால் அந்தச் சமையலறையில் வேறு ஆள் கிடையாது.

“போனைத் திருப்பிக் காட்டுங்கோ பாப்பம்” என்றார் அக்கா. திரையில் சமையலறை வந்தது. கறுப்புக் கண்ணாடித் தட்டு போட்ட மின்சார அடுப்பு. “அதுக்கு மேலை, சுவரிலை. சிவப்பிலை ஒரு பெரிய சுவிச்சு இருக்கோ? அதைப் போடுங்கோ.” போட்டான். அப்போதும் அடுப்பு உயிர் பெறவில்லை. “பக்கத்திலை சின்னதா ஒரு பட்டன் இருக்கும். அதை ஒருக்கா அமத்திப்போட்டுத் திருகுங்கோ.” இந்த நாட்டு மாணவர் விடுதிகளில் இப்படித்தான். தீ விபத்துக்குப் பயந்து, அடுப்புக்கென்று சுவரில் தனி சுவிட்சும் அதன் பக்கத்தில் நேரக் கட்டுப்பாட்டுப் பொத்தானும் வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்தினால்தான் மின்சாரம் வரும், குறிப்பிட்ட நேரம் ஆனதும் தானாகவே நின்றுவிடும். இங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை. லைட்டர் வைத்துக் காஸ் பற்றவைத்துப் பழகிய பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்கு அடியில் வட்டம் மெல்லச் சிவந்து வருவது திரையில் தெரிந்தது. “அக்கா, எரியுது!” என்று கத்தினான்.

அக்கா விடவில்லை. அழைப்பைத் துண்டிக்காமலே அரிசி களைய வைத்தார், விரல் கணக்கில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பருப்பு வெந்து தாளிக்கும் கட்டம் வந்தபோது, “முதலிலை குசினிக் கதவைச் சாத்துங்கோ, பிறகு கடுகைப் போடுங்கோ” என்றார். இதுவும் இங்கே வாழ்ந்தால்தான் தெரியும். சமையலறைக்குள் இருக்கும் கருவி பெரும்பாலும் வெப்பத்துக்குத்தான் அலறும். நடைபாதையில் இருப்பது புகைக்கே அலறும். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்துத் தாளித்தால் கட்டடம் முழுவதும் மணி அடிக்கும், தனிமையில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் குளிரில் வெளியே வந்து நிற்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் வேறொரு விடுதியில் இப்படி நடந்து, தாளித்த பெண் அடுத்த நாள் முழுவதும் அழுதிருக்கிறாள்.

அன்றிரவு நான் படிவத்தை எடுத்துப் பழைய நாள்களின் பதில்களைப் பார்த்தேன். ‘உணவு கைவசம் இருக்கிறதா? ஆம்.’ அதில் பொய் ஒன்றுமில்லை. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, அடுப்புக்கூட நல்ல அடுப்புதான். படிவத்தின்படி எல்லாம் சரியாக இருக்க, ஒரு பிள்ளை ஒருவார காலத்துக்கு மேல் வெறும் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். ‘உதவி வேண்டுமா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பதுதான் மரியாதை. ‘என்ன சமைத்தாய்’ என்பதற்கு அப்படி ஒரு தயார் பதில் கிடையாது. சமைத்ததைச் சொல்ல வேண்டும், இல்லை சமைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

அதன்பிறகு எங்கள் அழைப்புகள் எல்லாமே அக்கா வழியில் மாறின. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய், ஹீட்டர் எந்த நேரத்தில் சூடாகிறது, ஜன்னலில் என்ன தெரிகிறது, துணி எங்கே துவைத்தாய். ஹீட்டர் கேள்வியில் மட்டுமே எத்தனையோ விஷயங்கள் வெளியே வந்தன. விடுதிகளில் சூடு குறிப்பிட்ட நேரம்தான் வரும் என்று தெரியாமல், தங்கள் அறையில் மட்டும் பழுது என்று நினைத்து இரண்டு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு படுத்தவர்கள் இருந்தார்கள். சில மாணவர்களுக்கு எங்கள் பேச்சு தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். “அண்ணா, நான் நல்லா இருக்கேன், தினம் கூப்பிட வேண்டாம்” என்றவர்களை விட்டுவிட்டோம். அது அவர்கள் உரிமை. ஆனால் அப்படிச் சொல்வதற்கும் முதலில் ஒருவர் கூப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா?

டிசம்பரில் 14 நாள் 10 நாளாகக் குறைந்தது. 2021 ஏப்ரல் 23 முதல் இந்தியா சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. வந்தவர்கள் அரசு சொன்ன ஹோட்டலில் தங்க வேண்டும், தனியாள் ஒருவருக்கு 1,750 பவுண்டு. ஆகஸ்ட் 8 அன்று பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அப்புறம் கோவிஷீல்டு சான்றிதழை ஏற்பதா வேண்டாமா என்று இரண்டு அரசுகளும் இழுத்துக்கொண்டிருந்து, அக்டோபர் 11 முதல் இரண்டு ஊசி போட்டவர்களுக்குத் தனிமை தேவையில்லை என்றானது. அந்த அலைச்சலெல்லாம் பட்டவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை.

மணி அடிக்காத தொலைபேசி

பல்கலைக்கழகம் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது; பட்டியல் மூடப்பட்டது. படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு வேலை பார்க்கலாம் என்ற கிராஜுவேட் ரூட் விசா 2021 ஜூலை 1 அன்று தொடங்கியிருந்ததால் வருகிறவர்கள் எண்ணிக்கை எகிறியது. 2022 செப்டம்பருடன் முடிந்த ஓராண்டில் இந்தியர்களுக்கு மட்டும் 1,27,731 மாணவர் விசாக்கள். அந்த ஆண்டு சீனாவை முந்தினோம். விடுதியில் இடம் கிடைக்காமல், பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய தெருக்களில் அறை எடுத்தார்கள். பேருந்து அனுப்பி அழைத்து வருவதும் அட்டைப்பெட்டியும் தினசரி அழைப்பும் பலருக்கு இல்லாமல் போயின.

அடுப்பு சுவிட்ச் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஹீட்டர் நேரமும் மாறவில்லை. நடுச்சாமத்து விழிப்பும் பசியும் மாறவில்லை. கட்டாயத் தனிமை போய்விட்டது, சரி. ஆனால் வந்து இறங்கும் பிள்ளைகளில் பலர் முதல் இரண்டு வாரம் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். முதுகலை வகுப்பு வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். மீதி நாள் எங்கே போவது என்று தெரியாது, போனால் செலவு, பேசினால் ஆங்கில உச்சரிப்பு புரியாது, அறை பாதுகாப்பாக இருக்கிறது. 2020இல் இதற்குத் தனிமைப்படுத்தல் என்று பெயர் வைத்து, ஆள் போட்டுக் கவனித்தோம். இப்போது பெயர் இல்லை, அதனால் கவனிப்பும் இல்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அக்கா வீட்டில் பார்த்தேன். கடையில் தற்செயலாகச் சந்தித்துக் கூட்டி வந்திருந்தார். வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மருத்துவரிடம் பதிவு செய்யவில்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தும், பக்கத்து மருத்துவ நிலையத்தில் பெயர் கொடுத்தால்தான் மருத்துவர் கிடைப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்து வகுப்புகளைத் தவறவிட்டிருந்தாள். அந்த ஒரு மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து அவள் பெயருக்கென்று வந்தது ஒரே ஒரு கடிதம்: வருகைப் பதிவு குறைவாக இருக்கிறது, தொடர்ந்தால் விசா பாதிக்கப்படலாம் என்று இயந்திரம் அனுப்பிய எச்சரிக்கை. மாணவர்களின் வருகையைக் கண்காணிப்பதும், படிப்பில் ஈடுபடாதவர்களை அரசுக்குத் தெரிவிப்பதும் விசாவுக்குப் பொறுப்பேற்ற பல்கலைக்கழகத்தின் கடமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளை வரவில்லை என்பது உங்கள் கணினிக்குத் தெரிகிறதென்றால், ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆளை வைக்க முடியாதா? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஓராண்டுப் படிப்புக்கு உள்ளூர் மாணவரைவிட அதிகக் கட்டணம் கட்டி வருபவள் அவள்.

இதை ஒரு பல்கலைக்கழக அலுவலரிடம் பேசிப் பார்த்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி மாணவர்களின் எண்களை வெளியாட்களுக்குத் தர முடியாது என்றார். சரிதான், தரக் கூடாது. ஆனால் 2020இல் நாங்கள் முறையாகப் பதிவு செய்து, பயிற்சி எடுத்து, மாணவரின் சம்மதத்தோடுதானே பேசினோம்? அதே வழி இன்றும் திறந்துதான் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ‘வந்த முதல் இரண்டு வாரம் உங்கள் மொழி பேசும் ஒருவர் உங்களைக் கூப்பிடலாமா?’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும். வேண்டாதவர் குறிக்க மாட்டார். வரவேற்பு வாரத்தில் பைகளும் பேனாக்களும் வழங்குகிறார்கள், இசை நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு வரத் தெம்பில்லாமல் அறையில் இருப்பவரைத் தேடிப் போக ஒரு சின்ன ஏற்பாடும் இருக்கட்டும் என்கிறேன்.

அவர்கள் முடிவெடுக்கும்வரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. எங்களால் அவர்களைக் கூப்பிட முடியாது. ஆனால் அவர்கள் எங்களைக் கூப்பிடலாம். ஆகவே லெஸ்டருக்கு வரும் பிள்ளைகள் விமானம் ஏறும் முன்பே எங்கள் எண் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று, தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பக்கக் குறிப்பாகப் போட்டிருக்கிறோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது. கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள், ஓடிபி வரும் சிம் உங்களிடமே இருக்கட்டும், படுக்கை விரிப்பை முன்பே கேளுங்கள், மருத்துவ நிலையத்தில் முதல் வாரமே பெயர் கொடுங்கள், சமையலறைச் சுவரில் சிவப்பு சுவிட்ச் இருக்கும், கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். அந்த விருதுநகர்ப் பையன் இப்போது பர்மிங்காமில் வேலை பார்க்கிறான். இந்தக் குறிப்பில் உள்ள எண்களில் ஒன்று அவனுடையது. நீங்கள் இந்த நாட்டில் வேறு பல்கலைக்கழக ஊரில் இருப்பவரென்றால் இதை அப்படியே எடுத்து உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டம் செப்டம்பரில் வந்து இறங்குகிறது. ஆகஸ்டுக்குள் குறிப்பு அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.